ஒன்பதில் ஒட்டி வைத்த லுனெத்

சகலை,

நேற்று உங்கள் வீட்டம்மா உப்பளத்திலிருந்து பஸ் ஏறி எங்கள் ரெட்டியார்பாளையம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். மூடியைத் திறந்ததும் துப்பாக்கி எண்ணெய் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. உள்ளே பிளானல் துணியில் சுற்றி இரண்டு லுனெத் இருந்தன. துப்பாக்கி மேல் பூட்டிக் குறி பார்க்கிற தொலைநோக்கிக் குழாயை நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தச் சொல் உங்கள் வாயை விட்டுப் போகவில்லை. கடைசியில் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

"துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைச்சாச்சு தம்பி. இது ரெண்டும் பீரோவுல கெடந்துது. ஒண்ண நீங்க எடுத்துக்குங்க, இன்னொண்ணு பெரியவனுக்கு" என்றார்.

என்னை எதற்கு முதலில் எடுக்கச் சொல்கிறார், எதிலாவது கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறதா என்று ஒரு கணம் யோசித்தேன். என் புத்திதான் உங்களுக்குத் தெரியுமே. பிறகு நாலை எடுத்துக்கொண்டேன். எப்போதும் நாலு மடங்கு பக்கத்தில் காட்டுகிற, திருகுவதற்கு ஒன்றுமே இல்லாத உங்கள் பழைய லுனெத். மூன்றிலிருந்து ஒன்பது வரை வளையத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கிற இன்னொன்றை நான் தொடவே இல்லை. "ஒத்தக் கால்ல நின்னு வாங்கினது அதாச்சே, இப்ப என்னா திடீர்னு இது?" என்று உங்கள் மச்சினி என்னை மேலும் கீழும் பார்த்தாள். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் செய்ததில் சந்தேகம் அவளுக்கும் தொற்றிவிட்டது. காரணத்தை அவளுக்கு முன்னால் உங்களுக்குச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது, அதனால்தான் இந்த மடல்.

மில்லில் எனக்குச் சம்பளமே சந்தேகப்படத்தான். நெய்து வந்த துணியை விளக்குக்கு எதிரே ஓடவிட்டு, எங்கே நெடுக்கில் பாவு நூல் அறுந்திருக்கிறது, எங்கே குறுக்கில் ஊடை நூல் தப்பியிருக்கிறது என்று எட்டு மணி நேரம் பார்க்கிறவன் வீட்டுக்கு வந்ததும் கண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ள முடியுமா? பால்காரரை நம்ப மாட்டேன். மீன்காரம்மா சங்கரா மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினால், எதற்கு அவ்வளவு அவசரமாகக் காட்டுகிறாள் என்பேன். நீங்கள் பிரான்சிலிருந்து திரும்பியதும் வீட்டுக்கு வீடு சோப்பும் செண்டும் கொடுத்தபோது, எனக்கு வந்த சோப்பை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எதற்கு என்றும் இரண்டு நாள் யோசித்தேன்.

எழுபதுகளின் நடுவில் பென்ஷன் காகிதம் ஒன்றுக்காக நீங்கள் மறுபடி பிரான்ஸ் புறப்பட்டீர்கள். மாமனாரின் செஞ்சிப் பக்கத்து மணிலாக் கடலைக் கொல்லையில் மலையிலிருந்து காட்டுப் பன்றி இறங்கி, ஒரு ராத்திரியில் அரைக்காணியை உழுதுவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பன்றிக்கு மட்டும் அனுமதிச் சீட்டு வாங்கி வைத்திருந்தோம். துப்பாக்கி ஒன்று, காவல் இருப்பவர்கள் நாம் இருவர். "என்னா வேணும் சகல, சொல்லுங்க" என்றீர்கள். திருகுகிற லுனெத் வேண்டும் என்றேன்.

"நாலு போதும், சகல. பன்னி வர்றப்ப யோசிக்க நேரம் இருக்காது. எடுத்தமா, பார்த்தமானு இருக்கணும். மூணா ஆறா ஒன்பதானு வளையத்தத் திருகிக்கிட்டு நின்னா அது செஞ்சிக் கோட்டைக்கே போயிடும்."

நல்ல புத்திமதிதான். ஆனால் சொன்னவர் நாலு வைத்திருப்பவர். தன்னிடம் இருப்பதைவிட உசத்தியானது எனக்கு வரக்கூடாது என்று பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். பிடிவாதமாகக் கேட்டேன். நீங்களும் வாங்கி வந்து கையில் கொடுத்தீர்கள். பெட்டியின் ஓரம் கொஞ்சம் நசுங்கியிருந்ததால், யாரோ வேண்டாம் என்று கழித்ததை வாங்கி வந்திருப்பாரோ என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

வற்றிய ஏரியில் அட்டையை நிறுத்திக் குறி சரிபார்த்தோமே, நினைவிருக்கிறதா? ஒன்பதில் வைத்துச் சுட்டபோது நடுப்புள்ளியில் அடித்தது. மூன்றுக்குத் திருகியதும் ஒரு சாண் வலது பக்கம் போனது. மறுபடி ஒன்பது, மறுபடி நடு. "திருகுற சாமான்ல இதான் சிக்கல். உள்ள இருக்குற கண்ணாடி நகருதுல்ல, குறியும் கொஞ்சம் நகரும்" என்றீர்கள். நான் வேறு மாதிரி நினைத்தேன். குண்டு போட்டுக் கொடுக்கிற சாக்கில் நீங்கள்தான் எதையோ தட்டிவிடுகிறீர்கள், நாலுதான் உசத்தி என்று நிரூபிக்கப் பார்க்கிறீர்கள். நீங்கள் கை கால் கழுவ மோட்டார் கொட்டகைக்குப் போன நேரத்தில், மில் எலக்ட்ரீஷியனிடம் வாங்கி வைத்திருந்த கறுப்பு டேப்பை எடுத்து, வளையத்தை ஒன்பதிலேயே வைத்து மூன்று சுற்று இறுக்கிச் சுற்றினேன். கறுப்புக் குழாயில் கறுப்பு டேப் தெரியாது. யாராவது திருகினால் எனக்குத் தெரிந்துவிடும். திருகுவதற்காகவே ஆசைப்பட்டு வாங்கியதைத் திருக முடியாமல் ஒட்டி வைத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அது ஐப்பசி. சாயங்காலம் தூறல் விட்டு, வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கொட்டகைச் சுவரோரம் துப்பாக்கியோடு நான் உட்கார்ந்திருந்தேன். மேற்கு மூலையில் வேலி பிரிந்திருக்கிறதா என்று பார்க்க, கோணிப்பையை மழைக்கு மடித்த கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு நீங்கள் போனீர்கள். போகிறவர் போன வழியே திரும்ப வேண்டும், திரும்பும்போது சீட்டி அடிக்க வேண்டும். அது நீங்கள் போட்ட சட்டம்.

அன்று சீட்டி கேட்கவில்லை. நீங்கள் அடித்து, வாய்க்கால் தண்ணீர் இரைச்சலில் எனக்குக் கேட்காமல் போயிருக்கலாம். போன வழியில் தண்ணீர் ஏறிவிட்டதால் ஓடைப் பக்கமாகச் சுற்றி வந்தீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஓடைப் பக்கம் துவரைச் செடி அசைந்தது. இருபத்தைந்து அடி வைக்கிற தூரம்தான் இருக்கும். தாழ்வாக, பழுப்பாக ஒன்று நகர்ந்தது. துப்பாக்கியைத் தூக்கிக் கண்ணை வைத்தேன். லுனெத் முழுக்கக் கலங்கலாக ஒரே பழுப்பு. தலை எது, கால் எது, ஒன்றும் தெரியவில்லை. மூன்றுக்குத் திருகினால் முழு உருவமும் தெரியும். விரல் தானாக வளையத்துக்குப் போனது. டேப் இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், ஈரத்தில் விளிம்பு அகப்படவில்லை. அந்தப் பழுப்பு இன்னும் நெருங்கியது. இதை விட்டால் நீங்கள் வருஷம் பூராவும் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். ஆமாம், அந்த நேரத்திலும் அதைத்தான் நினைத்தேன். பூட்டை விலக்கிவிட்டு விரலை விசைக்குக் கொண்டுபோனேன்.

கண்ணை இடுக்கியதும் கலங்கல் தெளிந்தது. பாவு தெரிந்தது. ஊடை தெரிந்தது. நடுவில் ஓர் இடத்தில் இரண்டு ஊடை தப்பியிருந்தது.

பன்றிக்குப் பாவும் ஊடையும் கிடையாது, சகலை. மில்லில் அந்தக் குறை கண்ணில் பட்டால் துணியை அங்கேயே நிறுத்துவோம். பழக்கத்தில் கை நின்றது. புத்தி அதற்குப் பிறகுதான் வந்தது. துப்பாக்கியை இறக்கிப் பார்த்தால், அந்தக் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு முழங்கால் சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்துக் குனிந்து வந்துகொண்டிருக்கிறீர்கள்.

"பன்னி வந்துச்சா?"

"இல்ல."

"அப்ப துப்பாக்கிய ஏன் இப்பிடிக் கட்டிப் புடிச்சிருக்கீங்க?"

"குளுருது."

உடனே கோணிப்பையைக் கழற்றி என் தோளில் போட்டீர்கள். ஈரக்கோணி. அதைத் தொடவே எனக்குக் கூசியது. பிறகு துப்பாக்கியை வாங்கிக் குண்டுகளைக் கழற்றினீர்கள். வளையத்தின் மேல் உங்கள் கட்டைவிரல் போய், டேப் மேல் கொஞ்ச நேரம் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. திண்டிவனத்தில் பஸ் மாறும் வரை, என்னைச் சீண்டாமல் டீகூடக் குடிக்காத மனுஷன், மாமனார் வீட்டுக் கோழிக் குழம்பைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு வந்தீர்கள். மறுநாள் லுனெத்தை உங்களிடமே கொடுத்துவிட்டேன். அதற்கும் காரணம் கேட்கவில்லை. நாலைப் பூட்டினீர்கள். ஒன்பதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு கிண்டல்கூட வந்ததில்லை. எனக்கு அதுதான் பெரிய சந்தேகம்.

பெரிய ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்தபோது சொல்லிவிடலாம் என்றுதான் மூன்று தரம் வந்தேன். ஒரு தரம் நீங்கள் தூக்கம். ஒரு தரம் நர்ஸ் இருந்தாள். மூன்றாவது தரம் நாம் இருவர் மட்டுமே இருந்தோம். நான் கஞ்சி குடித்தீர்களா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். கோழை.

அந்த ஐப்பசிக்குப் பிறகும் இரண்டு வருஷம் நாம் கொல்லைக்குப் போனோம். வரப்பில் ஒவ்வொரு தரமும் நீங்கள்தான் முன்னால் நடப்பீர்கள். குண்டு போட்ட துப்பாக்கியோடு நான் பின்னால் வருவேன். நீங்கள் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. டேப்பைத் தொட்ட விரலுக்கு எல்லாம் தெரிந்திருந்ததா, இல்லை ஒன்றுமே தெரியாமல்தான் அப்படி நடந்தீர்களா? எனக்கு இனி யாரும் சொல்லப்போவதில்லை. தெரிந்துதான் நடந்தீர்கள் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அத்தாட்சி கேட்காமல் என் வாழ்நாளில் நான் நம்புவது அது ஒன்றைத்தான், சகலை.