எண்பது சதவீதக் கட்டில்

மார்ச் 3, திங்கள்

காலையில் வந்த முதல் போன்: "சார், என் வீடு பூரா கறுப்பா இருக்கு."

எங்கள் கம்பெனி வீட்டு உள் அலங்காரம் செய்கிறது. வீட்டை வரைந்து பார்க்கிற சாஃப்ட்வேரை வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறோம். அவர்கள் கெடுக்கிறார்கள், நான் சரிசெய்கிறேன். இந்த அம்மாள் சூரியனை நடுராத்திரியில் நிறுத்தி வைத்திருந்தார். நேரத்தைப் பகல் பத்துக்கு மாற்றச் சொன்னேன். "ஐயோ, விடிஞ்சிடுச்சு சார்!" என்றார். இதற்குத்தான் நான் சிவில் படித்தேன்.

அடுத்தவனுக்குச் சுவர்கள் மூலையில் சேரவில்லை. நுனிகளைத் தானாக ஒட்டவைக்கும் ஸ்நாப்பை அணைத்து வைத்துக்கொண்டு சுவரைக் குறை சொல்கிறான். இன்னொருவனுக்குத் தரை மினுமினுக்கிறது. ஒரே மட்டத்தில் இரண்டு தரை. ஒன்றைத் தூக்கச் சொன்னேன். கடைசியாக ஒருவன், ஃபைல் நகரவே மாட்டேன் என்கிறதாம். இன்டர்நெட்டில் எங்கிருந்தோ ஒரு சோபாவை இறக்கியிருக்கிறான், தையலில் நூல்கூடத் தெரிகிறது. வீட்டைவிட சோபா கனம்.

"அதை அழிங்க."

"அழகா இருக்கே சார்."

"அப்ப சோபாவையே கல்யாணம் பண்ணிக்கோங்க."

போனை வைத்துவிட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

மார்ச் 6, வியாழன்

புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார் முதலாளி. கொடுத்தேன். அடியா மில்லிமீட்டரா என்று முதலில் பார். முடித்த சுவரைப் பூட்டி வை. கூரையைத் தனி லேயரில் போடு, இல்லாவிட்டால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அடிக்கடி சேமி.

கொடுக்காத குறிப்புகள் வேறு. சின்ன அறை பெரிதாகத் தெரிய வேண்டுமா? கேமராவின் பார்வைக் கோணத்தை அகலமாக்கு. ஒரு சுவரை மறைத்துவிட்டுக் கேமராவை அறைக்கு வெளியே நிறுத்து. கட்டில், மேசை எல்லாவற்றையும் எண்பது சதவீதமாகச் சுருக்கு. அளவுக்காக உள்ளே நிற்க வைத்த மனித பொம்மையை மறக்காமல் அழி. ஆள் இல்லாவிட்டால் எந்த அறையும் பெரிய அறைதான்.

இப்படிப்பட்ட படத்தைப் பார்த்துப் பணம் கட்டியவன் எவனும் பிறகு சண்டைக்கு வந்ததில்லை. தன் வீட்டுச் சாமான்தான் ரொம்பப் பெரிசு என்று நினைத்துக்கொள்கிறான்.

மார்ச் 9, ஞாயிறு

வேலையை விடப் போகிறேன். சொந்தமாக டிசைன் ஆபீஸ். தெருவைப் பார்த்த அறை வேண்டும். வெளியே தேடுவானேன், வீட்டிலேயே முன் அறை இருக்கிறது.

அதில் அப்பா இருக்கிறார். அதுதான் சிக்கல்.

காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் அந்த ஜன்னல்தான் அவருக்கு முன் கண்ணாடி. எவன் எந்தக் கியரில் போகிறான், எவன் வண்டியில் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது எல்லாம் சத்தத்திலேயே சொல்வார். நாலு டிரைவர்களைத் திட்டாமல் அவருக்குக் காலை டீ இறங்காது.

பின்னால் சாமான் அறை இருக்கிறது. எட்டடிக்கு ஐந்தரை. ஒரு ஆளுக்குப் போதாதா? லிஃப்டைவிடப் பெரிசு.

மார்ச் 11, செவ்வாய்

சாமான் அறையை வரைந்தேன். கட்டில், சின்ன அலமாரி, ஜன்னல். எல்லாவற்றையும் எண்பதுக்கு இறக்கினேன். பொம்மையைத் தூக்கினேன். வெளிச்சம் காலை ஏழு மணி.

அருமையான அறை. நானே குடிபோகலாம் போல இருந்தது. போக மாட்டேன்.

மார்ச் 12, புதன்

அக்கா வந்திருந்தாள். அப்பாவுக்கும் அவளுக்கும் லேப்டாப்பில் காட்டினேன். அப்பா திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனார்.

"அந்த ரூம் இவ்ளோ பெரிசாடா?"

"சாமான் அடைஞ்சு கெடந்ததுப்பா. அதான் சின்னதாத் தெரிஞ்சுது."

அக்கா விடுவாளா? "ஜன்னல்ல வானம் தெரியுதே. அங்க பக்கத்து வீட்டுச் செவுருதானடா இருக்கு?"

"அது சாஃப்ட்வேர்ல தானா வர்ற வானம்."

"நம்ம வீட்டுக்கு மட்டும் தானா வர மாட்டேங்குதே."

அப்பா சிரித்தார். "விடும்மா. அளவெடுத்துக் கம்ப்யூட்டர்ல போட்டிருக்கான். தப்பா வருமா?" என்னிடம் திரும்பி, "ரோடு தெரியாது, இல்ல?"

"சத்தம் கேக்கும்பா."

"சரி, சத்தம் கேட்டாப் போதும்." கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "இத்தனை வருஷம் முன் சீட்டு. இனிமே கடைசி சீட்டு. ஓட்டறது நீதானே, பாத்து ஓட்டு."

சம்மதம் என்றுதான் அர்த்தம்.

மார்ச் 20, வியாழன்

தச்சரிடம் கட்டிலுக்குச் சொல்லியாயிற்று. போன மாதம் ஒரு கிளையன்ட் வீட்டில் "இப்படி இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு தம்பி" என்று அலமாரித் தட்டை மாற்றி வைத்த ஆள். அதனால் இன்று தெளிவாகவே சொன்னேன்:

"யோசிக்கறது என் வேலை, வெட்டறது உங்க வேலை. பேப்பர்ல இருக்கறதுக்கு ஒரு நூல் கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

"சரி தம்பி" என்றார். முகம் சுண்டிவிட்டது. சுண்டட்டும்.

பேப்பரை நான் எழுதுவதுகூட இல்லை. மாடலில் இருப்பதைப் பார்த்துப் பலகை அளவுகளை சாஃப்ட்வேரே போட்டுத் தருகிறது. அச்செடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 27, வியாழன்

கம்பெனியில் கடைசி நாள். அந்த நேரம் பார்த்துத் தச்சர் போன். "தம்பி, கட்டில் பெரியவங்களுக்குத்தானே? இல்ல, நீளம் பாத்தா—"

"அண்ணே, உங்களுக்கு நம்பர் படிக்கத் தெரியுமா தெரியாதா? பேப்பர்ல இருக்கறதை வெட்டுங்க." வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கட்டில் வந்தது.

நல்ல வேலைப்பாடு. தலைமாட்டில் பலகை, கால்மாட்டில் பலகை, வழவழவென்று. பின் அறையில் போட்டதும் கச்சிதமாக உட்கார்ந்தது, படத்தில் இருந்ததுபோலவே. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார்.

முழங்கால் இரண்டும் மேலே நின்றன. நீட்டப் பார்த்தார். கால்மாட்டுப் பலகை இடித்தது. இன்னும் கொஞ்சம் மேலே நகர்ந்தார். தலைமாட்டுப் பலகை இடித்தது.

"யாருக்குடா செஞ்சே இதை? உனக்குப் பொறக்கப் போற புள்ளைக்கா?"

தச்சர் சட்டைப் பையிலிருந்து பேப்பரை எடுத்து என்னிடம் நீட்டினார். நீளம் ஐந்தடி. "ஒரு நூல் கூட்டல தம்பி. ஒரு நூல் கொறைக்கல."

அப்பா கிட்டத்தட்ட ஆறடி.

ஏப்ரல் 7, திங்கள்

சுருக்குனதைத் திரும்ப நூறாக்க மறந்துட்டேன். அவ்ளோதான். ஒரு க்ளிக். இதுக்கு என்ன இப்ப?

அந்தாளுக்குப் புத்தி எங்க போச்சு? அப்பாவைப் பாத்திருக்காரு. வாசல்ல குனிஞ்சு வர்றவரு அஞ்சடிக் கட்டில்ல எப்படிப் படுப்பாருன்னு தோண வேணாமா? யோசிக்காதேன்னு சொன்னது நான்தான். சரி, சொன்னேன். அதுக்காக?

கோபம் தணிந்தபின் மாடலைத் திறந்து கட்டிலை நூறு சதவீதமாக்கினேன். அறைக்கதவு கட்டிலில் இடித்துச் சிவப்பாக மின்னியது. கட்டிலைத் திருப்பிப் போட்டேன், சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் போனது. கதவை வெளிப்பக்கம் திறக்க வைத்தேன், குளியலறைக் கதவோடு மோதுகிறது.

ஆக, அந்த அறைக்குள் அந்தக் கட்டில்தான் போகும். சாஃப்ட்வேர்மேல் தப்பில்லை.

ஏப்ரல் 9, புதன்

அப்பா என் டேப்பைக் கேட்டு வாங்கிப் போனார். கதவு இடுக்கில் பார்த்தேன். கட்டிலை அளந்தார். பிறகு டேப்பின் நுனியைக் குதிகாலால் மிதித்துக்கொண்டு தன்னை அளந்தார். திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"நல்ல டேப்புடா" என்றார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அக்காவோடு சண்டை. அப்பா மூன்று நாளாகத் தரையில் படுக்கிறாராம், காலையில் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்கிறாராம். எனக்குத் தெரியாதா என்ன?

"கதவைக் கழட்டிட்டு ஒரு திரை போடுடா. பெரிய கட்டில் போட்டுக்கலாம்."

"அது கிளையன்ட் பாத்ரூம் போற வழி, அக்கா. படுத்துக் கெடக்கறவரைக் காட்டவா கூப்பிடறேன்?"

அக்கா என்னையே பார்த்தாள். "காட்டாதே. உன் படத்துலதான் அவரே இல்லையே."

பெரிய அறிவாளி.

ஏப்ரல் 21, திங்கள்

ஆபீஸ் திறந்தாயிற்று. முன் ஜன்னலில் என் பலகை. வெளிச்சம் பிரமாதம்.

ஏப்ரல் 30, புதன்

அப்பா டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். ஜன்னல் வழியே ஒரு லாரி போனது. "மூணாவதுல போட்டு முக்கறான் பாரு, மடையன்" என்றார். எதிரே ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். "அப்பா, கொஞ்சம் உள்ள போங்க" என்றேன்.

போனார். டீயைக் குடிக்கவில்லை போலிருக்கிறது, டம்ளர் அப்படியே அடுப்படியில் இருந்தது.

மே 4, ஞாயிறு

அக்கா வந்து அப்பாவைக் கூட்டிப்போனாள். அவள் வீடு முதல் மாடி, பால்கனிக்குக் கீழே மெயின் ரோடு. ஒரு பெட்டி, ஒரு குடை, அவ்வளவுதான் அவர் சாமான்.

"முன் சீட்டு கெடச்சிருக்குடா" என்று என் தோளைத் தட்டினார். கோபம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் பதில் பேசத் தெம்பாக இருந்திருக்கும்.

"கட்டிலை எடுத்துட்டுப் போங்கக்கா, இங்க சும்மாதான் கெடக்கும்" என்றேன்.

"நீயே வச்சுக்கோ. எங்க வீட்டுல படுக்கறவங்களுக்குக் கால் இருக்கு."

மே 12, திங்கள்

இன்று ஒரு கிளையன்ட். மாமியாருக்குச் சின்னதாக ஓர் அறை வேண்டுமாம், இடம் ஆறடிக்கு எட்டு. படத்தைக் காட்டினேன். நம்பவில்லை. "படத்துல எல்லாம் நல்லாத்தான் சார் இருக்கும். கட்டி முடிச்சது ஏதாவது இருக்கா?"

பின் அறைக்கு அழைத்துப் போனேன். படுக்கை விரித்து, தலையணை நேராக, அலமாரி காலியாக இருந்தது. அவர் வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அட, படத்துல இருக்கற மாதிரியே இருக்கே! நல்லா தாராளமா இருக்கு. யார் சார் தங்கறாங்க?"

"யாருமில்ல. மாதிரி ரூம்."

அங்கேயே சம்மதித்துவிட்டார். நாளை அளவெடுக்கப் போகிறேன். மாமியாரின் உயரத்தை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவர் போனபிறகு ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் கிரீச்சிட்டுக்கொண்டே போனது. பிரேக் கட்டையா, வேறு எதுவுமா, தெரியவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டேன். கிளையன்ட் பேசும்போது சத்தம் தொந்தரவு.