மூன்றாவது சரணம்

லம்பாசா
மார்ச் 9, ஞாயிறு

அன்பு மகள் ஷோப்னாவுக்கு அப்பா எழுதுவது. சீதாராம். இங்கே நானும் இரண்டு ஆடுகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை வினேஷும் அன்விகாக் குட்டியும் அம்மாவும் அப்படியே இருக்க ராமர் துணை. போன் இருக்கும்போது அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே. போனில் பேசினால் அம்மா உன் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள். இது அவள் காதில் விழக் கூடாத விஷயம். அதனால்தான் என் சிநேகிதன் செட்டாரெக்கியின் மகள் லொசேனா ஆக்லாந்துக்கு வரும்போது, வீட்டுக்குப் போகாமல் நேரே உன் ஆஸ்பத்திரிக்கே போய் உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்து படி.

இங்கே மழை விட்டபாடில்லை, சமையலறைக் கூரையில் ஒரு தகரம் தூக்கிக்கொண்டது, நானே ஏறி ஆணி அடித்துவிட்டேன், திட்டாதே. சர்க்கரை ஆலை திறக்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, கரும்பு ரயில் சத்தமும் கிடையாது. மோத்திலால் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிரிஸ்பேனுக்கே போய்விட்டது, இப்போது ரோட்டில் இந்த வளைவிலிருந்து அந்த வளைவு வரை நம் வீடு ஒன்றில்தான் ஆள் நடமாட்டம். ரொட்டி சுடப் பழகிவிட்டேன், வட்டமாகத்தான் வரமாட்டேன் என்கிறது. ஒரு டின் மீனைத் திறந்தால் இரண்டு நாளைக்கு ஓடுகிறது, மாத்திரையும் வேளைக்குப் போடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் மாத்திரை வாங்க டவுனுக்குப் போய்த் திரும்பும்போது, பஸ் ரேடியோவில் எங்கள் ஆற்றுப் படத்தின் பாட்டு வந்தது. அந்தப் படத்துக்கு ஒரு நீளமான பெயர் உண்டு, ஆனால் லம்பாசாவில் அதை யாரும் சொன்னதில்லை, ஆற்றுப் படம்தான். எழுபத்தைந்தில் இங்கே வந்தது. நானும் செட்டாரெக்கியும் ஆலையில் புதிதாகச் சேர்ந்திருந்தோம், பதினொரு தடவை பார்த்தோம். கதாநாயகி அழுவதற்கு முன்பே அவன் அழ ஆரம்பித்துவிடுவான், முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்து முறைப்பார்கள். ஆறு பாட்டு, ஆறும் எங்களுக்கு மனப்பாடம், கரும்பு ரயில் எஞ்சினில் நின்றுகொண்டு அடுத்த ஊர் கேட்கும்படி பாடுவோம். அவற்றில் ஓடக்காரனைக் கூப்பிட்டுப் பாடும் பாட்டுதான் அன்று பஸ்ஸில் வந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே முணுமுணுத்தேன். பஸ் நிறைய ஆள், ஒருவர் உதடும் அசையவில்லை. இரண்டு சரணம் முடிந்ததும் வெட்டிவிட்டு டயர் கடை விளம்பரம் போட்டுவிட்டார்கள். மூன்றாவதை நாமே பாடிக்கொள்வோம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. எப்படித் தொடங்கும் என்றுகூடத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஆட்டுக்குத் தழை போடும்போதும் யோசித்தேன், படுக்கையிலும் யோசித்தேன், ஒரு சொல் கிடைக்கவில்லை.

அது ஏன் என்று உனக்குச் சொன்னால்தான் புரியும். கல்யாணமாகி வந்த புதிதில் உன் அம்மா நான்கு நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாம் நாள் விறகோடு சமையலறைப் பக்கம் வந்தேன், உள்ளே மாவு பிசைந்துகொண்டே அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். சொற்களை மட்டும் இல்லை, நடுவில் வரும் புல்லாங்குழலையும் வாயாலேயே. நான் வெளியிலிருந்தபடியே முதல் சரணத்தை எடுத்தேன். உள்ளே சத்தம் நின்றுவிட்டது. நான் முடித்ததும் இரண்டாவதை அவள் ஆரம்பித்தாள். அன்றைக்கு ஏற்பட்ட பாகப் பிரிவினைதான், முதல் சரணம் எனக்கு, இரண்டாவது இருவருக்கும், மூன்றாவது அவளுக்கு. கரும்பு வெட்டும்போதும் அப்படித்தான், நீ வயிற்றில் இருந்தபோதும் அப்படித்தான். சிறு வயதில் நீ காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாய். வீட்டில் இருந்த அதன் இசைத்தட்டை அந்தப் பெரிய வெள்ளம் கொண்டுபோனபோதுகூட, இருவர் இருக்கிறோமே, தட்டு எதற்கு என்று இருந்துவிட்டோம். ஆக, கல்யாணத்துக்குப் பிறகு மூன்றாவது சரணத்தை நான் ஒரு நாளும் பாடியதே இல்லை மகளே, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறேன்.

செட்டாரெக்கியிடம் போனேன். யங்கோனா வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்து ஆளுக்கு ஒரு சிரட்டை குடித்துவிட்டு ஆறு பாட்டையும் வரிசையாகப் பாடினோம், அவனுக்கும் அந்த இடத்தில் நின்றுவிட்டது. லொசேனா தன் போனில் தேடிப் பார்த்தாள், யாரோ மத்தளத்தை மாற்றி அடித்து, இரண்டே சரணத்தில் முடித்திருந்தார்கள். செட்டாரெக்கி சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு, “அடேய் ஹரி, பாட்டுக்காரி உயிரோட இருக்கா, போன் நம்பரும் இருக்கு. அவளைக் கேக்காம எங்கிட்ட வந்து தொண்டையைக் கிழிச்சிக்கிறியே, உனக்கு வெக்கமா, இல்ல வயசாயிடுச்சா” என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டேனே, உனக்கு நினைவிருக்கும். அம்மா, “இப்பப் போயி அதைக் கேக்கறீங்களா, குழந்தைக்குச் சோறு ஊட்டணும்” என்று போனை மேஜையில் வைத்துவிட்டாள், எனக்கு உங்கள் வீட்டுக் கூரைதான் தெரிந்தது. நீ சிரித்துக்கொண்டே, “அப்பாவுக்குப் பொழுது போகல போல” என்றாய். நானும் சிரித்தேன். நீங்கள் வைத்த பிறகு ரேடியோவைப் போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். அன்றைக்குச் சமைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளே கூப்பிட்டாள். அன்விகாவின் பள்ளிக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், விட இன்னும் கால் மணி இருக்கிறது என்றாள். உடனே மெல்லிய குரலில் பாட ஆரம்பித்துவிட்டாள். ‘அக்கரையில் விளக்கு எரிகிறது ஓடக்காரா, அது என் வீடில்லை என்று உனக்கும் தெரியும்’ என்று வரும் அந்த அடி. அதோடு நின்றுவிட்டது. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். ஒரு பஸ் பிரேக் போடுவது கேட்டது, பிறகு அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “ஷோப்னா அப்பா, இங்க எல்லாரும் என்னை நல்லாத்தான் பாத்துக்கறாங்க. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. ஜன்னல்கிட்ட நின்னா எதிர்வீட்டுக் கதவு தெரியும், இத்தனை மாசத்துல அது தொறந்து நான் பாத்ததே இல்ல. பகல் பூரா இந்தக் குழந்தைகிட்ட மட்டும்தான் பேசறேன், அதுவும் இப்ப இங்கிலீஷ்ல பதில் சொல்லுது. பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவளுக்கு ராத்திரி டூட்டி, நான் வந்துட்டா வேலையை விட்டுடுவா” என்றாள். என் வாயில் வந்தது, “மாத்திரை போட்டியா” என்பது மட்டும்தான். போட்டேன் என்றாள். மணி அடித்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

சொல்லாதே என்றதை உனக்குச் சொல்லிவிட்டேன், அந்தப் பாவம் எனக்கே இருக்கட்டும். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, இருக்கிறதென்றால் என்மேல்தான். மூன்று மாதம் என்று போனவள் ஒரு வருஷம் இரண்டு மாதமாக அங்கே இருக்கிறாள், நீ எத்தனையோ முறை நீங்களும் வாங்கப்பா என்று கூப்பிட்டாய், குளிர் ஆகாது, ஆட்டை யார் பார்ப்பது என்று சாக்குச் சொன்னேன். உண்மையில் பயம். எல்லோருக்கும் வேலை இருக்கிற வீட்டில் நான் ஒருவன் சோபாவில் உட்கார்ந்துகொண்டு யார் வருவார் என்று கதவையே பார்க்க வேண்டியிருக்குமே என்ற பயம். அவள் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை.

அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஜூனில் நான் அங்கே வருகிறேன். மூன்று மாதம் இரண்டு பேருமாகக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறோம், அதற்குள் நீயும் மாப்பிள்ளையும் வேறொரு ஏற்பாட்டைத் தேடிக்கொள்ளுங்கள், தீபாவளிக்கு முன்பு நான் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். உனக்குச் சிரமம் என்று தெரியும், தெரிந்தேதான் கேட்கிறேன். ஆடுகளைச் செட்டாரெக்கி கொண்டுபோகிறான், சாகாமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான், தின்னாமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லவில்லை. நான் வருவதை அம்மாவிடம் சொல்லிவிடு, ஆனால் நானாகவே ஆசைப்பட்டுக் கேட்டேன் என்று சொல். அவள் அழுததை நீ கேட்டதாகக் காட்டிக்கொள்ளாதே. நாளைக்கே மடியில் போட்டுக்கொண்டு சமாதானம் செய்ய ஆரம்பிக்காதே, அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். மத்தியானம் வீட்டில் இருக்கிற நாளில் டீ போட்டுக் கொடுத்துச் சும்மா பக்கத்தில் உட்கார், போதும்.

இரவு டூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தில் கார் ஓட்டாதே, அரை மணி அங்கேயே படுத்துவிட்டுக் கிளம்பு. முதுகு வலிக்குத் தைலம் லொசேனாவிடம் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், குட்டிக்கு முத்தம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். என் பெயரில் நீ அனுப்ப வேண்டிய அழைப்புக் கடிதத்தை இந்த வாரமே அனுப்பு, மறக்காதே. விசா படிவத்தை டவுனில் ஒரு பெண் நிரப்பிக் கொடுத்தாள். எதுக்காகப் போறீங்க மாமா என்று கேட்டாள். பெண்டாட்டியைப் பார்க்க என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள், பிறகு நான் சொன்னபடியே எழுதினாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஹரிநாராயண்