தூணுக்குப் பின்னால் ஓர் இருக்கை

அன்புள்ள அண்ணா,

நேற்று கட்சித் தலைவர் தேர்தலில் என்னிடம் தோற்றதும், எனக்குக் கை கொடுக்காமலே போய்விட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர் யார் எங்கே உட்கார வேண்டும் என்று தலைவர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். உனக்குத் தெரியாததா? நான் ஜெயித்து வந்த முதல் நாளே, அப்போது தலைவராக இருந்த நீ, கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் எனக்கு இடம் போட்டுவிட்டு, "அங்க காத்து நல்லா வரும் பாப்பா" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நம் அப்பாவும் அந்த அவையில் இருந்தவர். அவருக்கு இரங்கல் தீர்மானம் வந்த அன்று நானும் பேசக் கை தூக்கினேன். தூண் மறைத்ததால் சபாநாயகருக்குத் தெரியவில்லை. நீ திரும்பிப் பார்த்தாய். பார்த்துவிட்டு அவரிடம், "வேற யாரும் பேசல, முடிச்சுக்கலாம்" என்றாய்.

மறுநாளிலிருந்து தேநீர் அறையில் என் வரிசைக்காரர்களோடு ஆற அமரப் பேச ஆரம்பித்தேன். நீ முன்வரிசைத் தலைகளை மட்டும் எண்ணிக்கொண்டு தெம்பாக இருந்தாய். பின்வரிசைக்கும் ஓட்டு உண்டு என்பதே உனக்கு மறந்துபோயிருந்தது.

இன்று காலை முதல் வேலையாக இருக்கைப் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். முன்வரிசையில் உன் பெயரைத் தேடாதே; தூணுக்குப் பின்னால் பார்.

அங்கே காற்று நன்றாக வரும், அண்ணா.

இப்படிக்கு,
உன் பாப்பா