வர்க்கி ஜாடியில் ஒட்டிய சீட்டு

அருவங்காடு
12.4.1987

அன்புள்ள அண்ணனுக்கு,

அஞ்சலை வணக்கத்தோடு எழுதுவது. ஜபல்பூர் வெயிலில் நீங்களும் சுசீலா அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே இன்னும் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வாசலுக்கு வர முடியவில்லை. அப்பாவைப் பற்றி ஒன்றையும் மறைக்காமல் எழுதச் சொல்லியிருந்தீர்கள். எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் அவர் செய்த திருட்டுத்தனமும் வருகிறது.

போன ஐப்பசியில் அவர் படிக்கட்டில் மயங்கி விழுந்ததும் நான் பத்தாம் வகுப்பை விட்டு வீட்டோடு நின்றேன். அம்மா இல்லாத வீட்டில் வேறு யார் பார்ப்பது? அப்பாவால் தனியாகச் சமாளிக்க முடியும் என்று டாக்டர் சொல்லட்டும், பிறகு உன் படிப்பைப் பற்றி யோசிக்கலாம் என்று கடைசி வரியில் நீங்கள் எழுதினீர்கள். அந்தக் கடிதம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

மார்கழியில் டாக்டர் அப்பாவிடம் நேராகவே சொல்லிவிட்டார். "எத்தனை வருசம் இருப்பீங்கங்கிறது எனக்குத் தெரியாதுங்க. இருக்கிற வருசத்துல உங்க கால்ல நீங்களே நடக்கிறதா, கட்டில்ல கிடக்கிறதாங்கிறது உங்க கையிலதான் இருக்குதுங்க" என்றார். பீடி கூடாது, சர்க்கரை கூடாது, சோறு பாதி, தினமும் ஒரு மணி நேரம் நடை.

ரிட்டையர் ஆன மூன்று வருடமாக அப்பா ஜன்னல் நாற்காலியை விட்டு நகரவில்லை அல்லவா? எங்கே நடப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. முப்பத்தாறு வருடம் அந்தக் கால்களுக்குப் பழகிய வழி பாக்டரி கேட் ஒன்றுதான். ஆகவே காலைச் சங்கு ஊதியதும் ஷிப்டுக்குப் போகிறவர்களோடு சேர்ந்து கேட் வரை போய்த் திரும்பத் தொடங்கினார். கையில் பழைய டிபன் பாக்ஸ் வேறு. காலிப் பாக்ஸ் எதற்கு என்று கேட்டதற்கு, "வெறுங்கையோட போனா லேட்டா வந்து திருப்பி அனுப்புன மாதிரி இருக்குது, சாமி" என்றார்.

பீடியை உண்மையாகவே விட்டார். முதல் இரண்டு வாரம் என் மேலும் பூனை மேலும் எரிந்து விழுந்தார், அவ்வளவுதான். ஆனால் மாசி மாதப் பரிசோதனையில் சர்க்கரை ஒரு துளியும் இறங்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்து, "வீட்டுல என்னம்மா சமைக்கிற?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது. கேத்தியில் விளைந்த கேரட்டும் பீன்ஸும் வேகவைத்து வைத்தே என் கை சிவந்திருந்தது.

மறுநாள் அந்தக் காலி டிபன் பாக்ஸைக் கழுவ எடுத்தேன். திறந்தால் உள்ளே வர்க்கி பிஸ்கட் தூள், நெய் வாசனையோடு! கேட் எதிரே பாலசுப்பிரமணியம் அண்ணன் பேக்கரியில் மற்ற பென்ஷன்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து டீயில் நனைத்துச் சாப்பிட்டது போக, மிச்சத்தைப் பாக்ஸில் போட்டு, வரும் வழியில் மென்றுகொண்டு வந்திருக்கிறார். கேட்டால், "வர்க்கி என்ன சாமி, வெறும் காத்து. நாலு சேர்ந்தாலும் ஒரு இட்லி எடை வராது" என்றார்.

என் கூச்சம் உங்களுக்குத் தெரியும். கடையில் உப்பு கேட்கவே எனக்கு நாக்கு எழாது. அதனால் வீட்டிலேயே ஒரு சீட்டு எழுதிக்கொண்டு போனேன். "என் அப்பா ஏழுமலைக்கு வர்க்கி தர வேண்டாம். சர்க்கரை இல்லாத டீ ஒன்று மட்டும். இப்படிக்கு, மகள்." கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று நினைத்தேன். பாலசுப்பிரமணியம் அண்ணன் அதைப் பெஞ்சு முழுவதும் கேட்கும்படி உரக்கப் படித்தார்! குப்புசாமி மாமா, "ஏனுங்க ஏழுமலை, ரிட்டையர் ஆகியும் உங்களுக்கு மெமோ வருதுங்களே!" என்றார். அப்பா டீ கிளாஸுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். நான் வீடு வரை திரும்பிப் பார்க்கவில்லை.

சீட்டை வர்க்கி ஜாடி மேலேயே ஒட்டிவிட்டார்கள். நான்கு நாள் கழித்து குப்புசாமி மாமா வீட்டு பாலாமணி அத்தை போய், கீழே மாமா பெயரையும் எழுதிவிட்டு வந்தார்களாம். இப்போது அதில் ஆறு பெயர். வாய்க்கு வேலை இல்லாததால் ஆறு பேரும் டீ குடித்ததும் எழுந்து ரயில் பார்க்க ஸ்டேஷன் வரை நடக்கிறார்கள். ரயில் லேட்டானால் அடுத்த வளைவு வரை போய் எதிர்பார்க்கிறார்கள்.

போன வியாழக்கிழமை பரிசோதனை. சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது. நம் வீட்டுப் படிகள் நாற்பத்திரண்டையும் அப்பா நிற்காமல் ஏறுகிறார், மேலே போய் என்னை "சீக்கிரம் வா" என்கிறார். டாக்டர் என்னிடம், "இனி இவரை நீ பார்த்துக்க வேண்டாம்மா, உன்னையே இவர் பார்த்துக்குவாரு" என்றார். அன்றிலிருந்து பீன்ஸை அப்பாவேதான் வேகவைக்கிறார். உப்புப் போட மறந்துவிடுகிறார். நானும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு வர்க்கிக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன்.

ஜூன் முதல் வாரம் பள்ளிக்கூடம் திறக்கிறார்களாம். பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

கவர் கனமாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்த உங்கள் கடிதத்தை உள்ளே வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கம் கடைசி வரியை மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள், அண்ணா. பிறகு அதை எனக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம்.

உங்கள் அன்புத் தங்கை,
அஞ்சலை