கொழும்புக் கல்யாணத்தில் நான் போட்ட இலை

786
பேகம்பூர், திண்டுக்கல்
1957

அன்பு மகன் மீரானுக்கு அத்தா துஆவோடு சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு சகாயசெல்வி டீச்சர் எழுதுவது. ஆண்டவன் கிருபையில் நானும் உன் அம்மாவும் நல்ல சுகம், கப்பலில் போனவன் முழுசாகத் திரும்பி வந்துவிட்டேன், பம்பாயில் நீயும் மருமகள் நர்கீசும் அப்படியே இருக்க வேண்டும். வயசான காலத்தில் அடுப்பில் வெந்தது போதும், கொழும்புச் சமையலோடு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இங்கே வந்துவிடுங்கள், உங்களுக்கென்று கட்டிலும் வாங்கிப் போட்டாயிற்று என்று நீ எழுதியிருந்ததை டீச்சர் இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். அதற்குப் பதில் சொல்லுமுன் போய் வந்த கதையைக் கேள்.

தனுஷ்கோடியில் கப்பல் ஏறிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சீட்டு விளையாடிய வாலிபப் பிள்ளைகள் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்கள், நான் உன் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றையும் தின்று, யாருக்கும் வேண்டாமல் கிடந்த இன்னொரு பொட்டலத்தையும் தின்றேன். கொழும்பில் மாடி வைத்த பஸ்ஸில் மேலே உட்கார்ந்து போனால் மாடி வீட்டுக்காரர்கள் காயப்போட்ட சட்டையெல்லாம் கைக்கு எட்டுகிறது. பால் இல்லாத தேயிலைத் தண்ணீரைக் கொடுத்து, கையில் ஒரு துண்டு வெல்லமும் கொடுக்கிறார்கள், அதைக் கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும், ஊருக்கு வந்தும் எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை.

நான் போனது நம்மூர்த் தோல் வியாபாரி சாகுல் ஹமீது அங்கே கடை வைத்திருக்கிறாரே, அவர் மகள் நிக்காஹ்வுக்குச் சமைக்க. பிரியாணி தம் இறங்கியதும் பந்தலை எட்டிப் பார்த்தேன், எனக்குத் திக்கென்றது. ஆறு ஆறு பேராக வட்டமாய் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் ஒரே ஒரு தாம்பாளம். இம்புட்டுச் சம்பாதித்த மனுசனுக்குத் தட்டு பற்றவில்லையே, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நம்மூர் மானம் போகிறதே என்று பதறி, கொல்லையில் நின்ற வாழையில் இலை அறுத்து வரச் சொல்லி, முதல் வரிசையில் ஆளுக்கொன்றாக நானே போட்டேன். மாப்பிள்ளையின் பெரியப்பா ஜெகபர் அலி எழுந்துவிட்டார். இதென்ன வேல, நாங்க ஒண்டா இருந்து திண்டாத்தான் கலியாணம், எங்களப் பிரிச்சு வெக்கிறீங்களா என்று சத்தம் போட்டார், வரிசையே எழுந்தது. சாகுல் ஹமீது ஓடி வந்து, கெடுத்தீகளே அண்ணே, இங்க ஒரே தாம்பாளத்துல ஆறு பேரு கை வைக்கிறதுதான் மரியாத, தனி எல போட்டா ஒதுக்கி வச்ச மாதிரி, இவுக போயிட்டா எம்மக கதி என்னாகும் என்று கண் கலங்கினார்.

நான் கரண்டியோடு நேராக ஜெகபர் அலியிடம் போனேன். அவரக் கோவிக்காதீக, எல போட்டது நான், எங்கூருல அடுத்தவன் எலயில கை வச்சா அடிதடியாயிரும், தட்டு பத்தலைன்னு நெனச்சு உங்க சம்பந்தி மானத்தக் காப்பாத்தத்தான் போட்டேன் என்றேன். மனுசன் தாடி குலுங்கச் சிரித்து, தட்டு பத்தல்லையாம் என்று வரிசைக்கே சொன்னார். ஆனால் லேசில் விடவில்லை. எங்கட தாம்பாளத்துல ஒராள் குறையுது, சமைச்ச பண்டாரி வந்து இருந்தாத்தான் நாங்களும் இருப்போம் என்றார். விருந்தாளி எழுமுன் சமைத்தவன் சாப்பிடுவது நம் வழக்கமா, ஆனால் அந்தக் கல்யாணப் பெண்ணுக்காக உட்கார்ந்தேன். நான் என் ஓரத்துச் சோற்றையே கிள்ளிக்கொண்டிருக்க, நல்ல கறித் துண்டுகளாகப் பார்த்து என் பக்கம் தள்ளிவிட்டார் அவர். இத்தனை வருசமும் பொழுது சாய்ந்து ஆறிப்போன அடிச்சோறுதான் தின்றிருக்கிறேன், என் பிரியாணியைச் சுடச்சுட, நாலு பேரோடு உட்கார்ந்து அன்றைக்குத்தான் தின்றேன். சும்மா சொல்லக் கூடாது மகனே, அபாரமாக இருந்தது.

உன் கடிதத்துக்கு அதுதான் பதில். என் கை இன்னும் பதம் தவறவில்லை, நானே தின்று பார்த்துவிட்டேன். வடமதுரையில் ஒரு கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டாயிற்று, ஜெகபர் அலியும் தன் மகள் கல்யாணத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார், போவேன். உன் அம்மாவும், இவர அடுப்ப விட்டுப் பிரிச்சா நான் வைக்கிற வெஞ்சனத்துல குத்தம் கண்டுபிடிச்சுக்கிட்டு வீட்டுல உக்காந்திருப்பாரு, இருக்கிறபடியே இருக்கட்டும் என்கிறாள். நீ கோபிக்காதே, உன் பாசம் எனக்குத் தெரியும். மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போகாதே, நர்கீசை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். பக்ரீத்துக்கு இருவரும் கட்டாயம் வர வேண்டும், லீவுக்கு இப்போதே சொல்லி வை. உங்களுக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் கிடைக்க இரண்டு பேரும் துஆச் செய்கிறோம். எனக்கென்று வாங்கிப் போட்ட கட்டிலில் நீயே காலை நீட்டிப் படுத்துக்கொள்.

இப்படிக்கு உன் அத்தா,
பண்டாரி பக்ருதீன் ராவுத்தர்
இடது கைப் பெருவிரல் ரேகை