மச்சான் அனுப்பிய ரேடியேட்டர்

என்றும் என் அன்புக்குரியவளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீயும் உன் அண்ணியும் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். உன் அண்ணன், என் மச்சான், இறந்து இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு, அண்ணிக்குத் துணையாக இருக்கிறேன் என்று நீ அங்கேயே தங்கிவிட்டாய். மற்றவர்களுக்குச் சொல்ல அது போதும். எனக்குக் காரணம் தெரியும். என் போனை நீ எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

உன் தொட்டிச் செடிகளில் இரண்டு பட்டுப்போயின. பாசம் பொங்கித் தண்ணீரை ஊற்றித் தள்ளியிருக்கிறேன் என்று எதிர்வீட்டுத் தையற்காரர் சொன்னார். மற்றவை பிழைத்துக்கொள்ளும்.

போன வாரம் நான்கு நாள் லீவு போட்டு, நம் பழைய காருக்கு ரேடியேட்டர் மாற்றினேன். இந்த வரியைப் பார்த்ததும் கடிதத்தைக் கிழித்துப் போடத் தோன்றும். தயவுசெய்து முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

மச்சான் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ரேடியேட்டர் வாங்கிப் பெட்டியில் போட்டு அனுப்பினாரே, நினைவிருக்கிறதா? பழசு அரித்துப்போய்விட்டது, மாற்றிவிடு என்று பார்க்கும்போதெல்லாம் சொன்னார். நான் கேட்கவில்லை. கம்பெனி நம்பர் குத்திய பித்தளைத் தகடு அந்தப் பழசில்தான் இருந்தது. பழைய கார் கண்காட்சியில் 'எல்லாம் ஒரிஜினல்' என்று அட்டை எழுதி வைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன். வேறு கார் ரேடியேட்டரை மாட்ட பாடியில் ஓட்டை போட வேண்டும், அது நடக்காது என்று அவரிடம் பிகு பண்ணினேன். பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. நீகூட அதன்மேல் பழைய போர்வைகளை அடுக்கி வைத்திருந்தாய்.

தண்ணீரை வடித்து, ஹோஸ்களைக் கழற்றி, பழசை எடுக்கவே ஒன்றரை நாள் ஆனது. துருப்பிடித்த போல்ட் ஒன்று கையோடு முறிந்து வந்தது. கவிழ்த்தபோது கறுப்பாகக் குழம்பு போல் வழிந்தது. அத்தனையும் மிளகுப் பொடி. ஒழுகும்போதெல்லாம் ஒரு ஸ்பூன் மிளகுப் பொடியைப் போட்டால் அது ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும் என்பது என் வைத்தியம். ஓட்டையை அடைத்தது சரி. உள்ளே தண்ணீர் ஓடுகிற சின்னக் குழாய்களையும் பாதிக்கு மேல் அடைத்திருக்கிறது.

இதை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். மச்சானுக்கு ரொம்ப முடியவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி கூப்பிட்ட அன்று காலை, வண்டிக்கடியில் ஈரத்தைப் பார்த்தேன். உனக்குத் தெரியாமல் அடுப்படிக்குப் போய் மிளகு டப்பாவை எடுத்துவந்து இரண்டு ஸ்பூன் போட்டேன். டாக்ஸி கூப்பிடலாமா என்று நீ கேட்டாய். நம் வண்டியைப் பார்த்தால் உன் அண்ணனுக்குத் தெம்பு வரும் என்றேன். பாதி வழியில் வண்டி கொதித்து நின்றபோது, எல்லாம் நம் நேரம் என்று சொன்னேன். நேரம் இல்லை. நான்தான்.

சூடு ஆறாமல் மூடியைத் திறக்க முடியாது. போகிற வண்டி எதையாவது நிறுத்தி ஏறிப் போய்விடலாம் என்று நீ கெஞ்சினாய். "அஞ்சு நிமிஷம் பொறு" என்று நான்கு தடவை சொன்னேன். அண்ணனுக்கென்று நீ எடுத்துவந்த ஃபிளாஸ்க் வெந்நீரையும் வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினேன். நீ வெறும் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நாம் போய்ச் சேர்ந்தபோது உன் அண்ணி சொன்னது உனக்கும் மறந்திருக்காது.

"இப்ப வரைக்கும் உன்னத்தாம்மா கேட்டுக்கிட்டு இருந்தாரு."

போன வாரம் பழசைக் கழற்றிய பிறகுதான் மச்சானின் பெட்டியைப் பிரித்தேன். ஓட்டை போட வேண்டிய இடத்தை அளக்க டேப்போடு உட்கார்ந்தால், அளக்க ஒன்றுமில்லை. நம் வண்டியின் பழைய துளைகளுக்கு நேராக வரும்படி பக்கத்துக்கு இரண்டு இரும்புக் கால்களைப் பற்றவைத்து அனுப்பியிருக்கிறார். ஹோஸ், கிளிப், போல்ட் எல்லாம் தனிப் பொட்டலத்தில் இருந்தன. ஒரு ஓரத்தில் வெள்ளைப் பெயிண்டில் அம்புக்குறி போட்டு, 'மாப்பிள்ளை, இந்தப் பக்கம் மேலே' என்று கிண்டல் வேறு. மேல் பட்டையில் இரண்டு சின்னத் துளைகள் எதற்கென்று முதலில் புரியவில்லை. என் பித்தளைத் தகட்டை வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. என் வறட்டுப் பெருமைக்கும் அவர் இடம் விட்டிருக்கிறார். ஆறு வருஷம் நான் பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையே. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். தகட்டை மாட்டவில்லை. துளைகள் அப்படியே இருக்கின்றன.

தண்ணீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்க எப்போதும் நீ உட்காருவாய். இந்தத் தடவை தையற்காரரைக் கூப்பிட்டேன். மனிதர் தையல் மிஷின் என்று நினைத்து மிதிமிதியென்று மிதித்துவிட்டார். சிரித்துக்கொண்டே உன்னிடம் சொல்ல வீட்டுக்குள் திரும்பினேன். அப்புறம்தான் நினைவு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுத்தேன். நாம் நின்ற அதே இடத்தைத் தாண்டும்போதும் சூடு காட்டும் முள் நடுவிலேயே இருந்தது. அண்ணி வீட்டுத் தெருவரை வந்துவிட்டேன். ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம். அவ்வளவுதான் தூரம். கொடியில் உன் பச்சைச் சால்வை காய்ந்துகொண்டிருந்தது. இன்ஜினை அணைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அந்த வண்டியில் இனி ஏறமாட்டேன் என்று நீ சொன்னால் அது நியாயம். அதில் வந்து உன்னைக் கூப்பிட மாட்டேன். பஸ்ஸில் வருகிறேன். இதைப் படித்துவிட்டுத் திட்டியாவது ஒரு வரி எழுது. வராதே என்று எழுதினாலும் உன் கையெழுத்தைப் பார்த்த மாதிரி இருக்கும்.

உன் அண்ணியிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டிவிடு. நேரில் சொல்ல எனக்கு முகமில்லை. நீங்கள் இருவரும் மனம் தேறி நன்றாக இருக்க வேண்டும்.

அன்று நடுரோட்டில் உன்னிடம் நான்கு தடவை வாங்கிய ஐந்து நிமிஷத்தைத் திருப்பித் தர எனக்கு வழியில்லை. கேட்கிற தகுதியும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். அண்ணி வீட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொள்கிறேன், உள்ளே வரமாட்டேன். இன்னும் ஒரே ஒரு ஐந்து நிமிஷம் கொடு.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்