நெட்டைக்கால் பாதிரியாரின் கம்பளி

கமுத்திரி மேடு
2013 ஜனவரி, இரண்டாம் வாரம்

என் தாயின் பெயரைச் சுமக்கும் கதோனி அம்மாவுக்கு உன் அப்பா இருங்கு எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, இரண்டு பசு, சனிக்கிழமை பிறந்த கன்று எல்லாரும் நலம். நீயும் அந்த ஊர்க் குளிரில் நல்லபடியாக இருக்கிறாய் என்று உன் கையால் எழுதி வந்தால் எங்கள் மனம் நிறையும். இது யார் கையெழுத்து என்று திகைக்காதே, நான்தான். இதுவரை உனக்கு வந்ததெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் எழுதியவை, அதனால்தான் அவர் வீட்டு ஆடு செத்ததைக்கூட நீ தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முதியோர் வகுப்பில் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, உன்னை ஆச்சரியப்படுத்தத்தான் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைத் தொடங்கி இன்று நான்காம் நாள். கல்யாணம் ஆகி அம்பது வருஷத்துல எனக்கு ஒரு வரி எழுதினதில்ல, மகளுக்குன்னா மட்டும் மை தீரத் தீர எழுதுறீங்களே என்று உன் அம்மா சொல்லிக்கொண்டே டீ வைத்துவிட்டுப் போகிறாள். உனக்கு எழுதி முடித்ததும் அவளுக்கும் ஒன்று எழுதிக் கையில் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி, நிலம் வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை நம் வம்சத்தின் பெயரில் தாள் வந்தது, நானே படித்தேன், பிறகு மறுபடியும் படித்தேன். விட்டுடுங்க பாபா, சர்ச்சோட சண்டை வேண்டாம், வயசான காலத்துல யாரும் உங்களோட பேசாம போயிடுவாங்க என்று நீ போனில் அழுதாயே, அதை நினைத்து நானும் பல நாள் தூங்கவில்லை. ஞானஸ்நானம் பெற்றவன், முப்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் இரண்டாம் பெஞ்சில் உட்காருகிறவன், நானே போய் என் சர்ச் நிலத்துக்கு எதிராக மனுப் போட்டால் செத்தபின் என்னை யார் தூக்கிப் போவார்கள் என்று எனக்கும் பயம்தான். ஆனால் சர்ச்சின் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைத் தாள் முடிகிற வருஷம் இது, புதுத்தாள் எழுதிவிட்டால் மேல்சரிவை ஒரு ஓட்டல்காரனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு வேறு. என் தாயைப் புதைத்த இடம் அந்தச் சரிவில்தான் என்பது உனக்குத் தெரியும். இப்போது கேட்காவிட்டால் கேட்க ஆளில்லை.

என் தாத்தா இருங்கு செய்த காரியம் நீ கேட்டு வளர்ந்ததுதான், பாதியைத்தான் கேட்டிருக்கிறாய். நெட்டைக்கால் பாதிரியார் என்று நம் ஆட்கள் பெயர் வைத்த வெள்ளைக்காரர் வந்து தங்க இடம் கேட்டபோது, பணிவாகக் கேட்கிற அந்நியனுக்குக் கொடுப்பதுபோல் கொடுத்தார். விற்கவில்லை. விற்பதென்றால் கடா வெட்டி, பெரியவர்கள் எல்லையெல்லாம் நடந்து, அதன் குடலில் இருப்பதை வழி நெடுகத் தெளிக்க வேண்டும், அப்படி எதுவும் நடக்கவில்லை. குடியிருப்பவன் வருஷா வருஷம் அறுவடை முடிந்ததும் நிலக்காரனுக்குக் கள் புளிக்க வைத்துக் கொண்டுவருவான், போகும்போது நிலத்தை விட்டுவிட்டுப் போவான், அவ்வளவுதான். மறுவருஷம் சங்கிலி போட்டு அளக்க வந்தவர்களுக்குத் தாத்தா வாழைக்காய் சுட்டுக் கொடுத்தாராம், பள்ளிக்கூடத்துக்கு அளக்கிறார்கள் என்று நினைத்து. நாற்பது ஏக்கர், ஆளில்லாத காடு, கடவுள் வேலைக்காகக் கொடுக்கப்பட்டது என்று தாளில் எழுதிக்கொண்டார்கள், தாத்தாவின் இரண்டு குடிசையும் அந்தக் காட்டுக்குள்தான் இருந்தன. பிறகு கடவுளுடைய நிலத்தில் இரண்டு பெண்டாட்டிக்காரன் இருக்கக்கூடாது என்று சின்னப் பாட்டியின் குடிசையைப் பிரித்தார்கள். அவளும் பிள்ளைகளும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். எழுத்துதான் நம்ம நிலத்தைத் தின்னுச்சு, நீ போய் அதுக்குத் தீனி போடாதே என்று என் அப்பா என்னைப் பள்ளிக்கு அனுப்பாததும் இதனால்தான்.

அக்டோபரில் ஞாயிறு ஆராதனை முடிந்து அங்கேயே கூட்டம் போட்டார்கள். சர்ச் மூப்பர் கிச்சோஹி எழுந்து, அரசாங்கத் தாள் எங்க கிட்ட இருக்கு, இவர் கிட்ட என்ன இருக்கு, பேரன்னு சொல்லிக்க ஒரு பெயர் இருக்கு, அவ்வளவுதானே என்றார். இன்னொருவர், தாத்தா பேரும் இருங்கு, இவர் பேரும் இருங்கு, அப்ப நீயே குடுத்துட்டு நீயே திருப்பிக் கேக்குறியாப்பா என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பாதிரியார் மச்சாரியா, நம் ஊர்ப் பையன்தான், இந்த வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது, நெட்டைக்கால் பாதிரியார் எழுதிய மிஷனின் பழைய நாட்குறிப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். வெள்ளைக்காரர் மொழியில் இருந்ததை எங்கள் முதியோர் வகுப்பு டீச்சரிடம் கொடுத்து நம் பேச்சில் எழுதி வாங்கியிருந்தார். உங்க தாத்தாவப் பத்தின விஷயம், நீங்களே படிங்க பெரியப்பா என்று என் கையில் கொடுத்துவிட்டார்.

நான் எவ்வளவு மெதுவாகப் படிப்பேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்வரிசையில் ஒரு கிழவி, இவர் முடிக்கிறதுக்குள்ள கிறிஸ்துமஸ் வந்துடும், நான் போய் சோளம் வேக வெச்சுட்டு வரேன் என்றாள். போகவில்லை. முதல் வருஷ டிசம்பரில், மேட்டுக் கிழவன் இருங்குவுக்குத் தருமமாக ஒரு கம்பளி, ஒரு பை சர்க்கரை என்று இருந்தது. அடுத்த டிசம்பரிலும் அதுவே. அதற்கடுத்ததிலும் அதுவே. பெஞ்சுகளில் முணுமுணுப்பு தொடங்கிவிட்டது. ஒரு வருஷம் அவர் கொடுக்க மறந்திருக்கிறார், அதை அவரே இப்படி எழுதியிருந்தார், விரல் வைத்துப் படித்தேன், கிழவன் இன்று தானே வந்து கம்பளி எங்கே என்று கேட்டான், வெட்கமே இல்லை, தனக்குச் சேர வேண்டியதைக் கேட்பவன்போல் நின்றான், கொடுத்ததும் என் நெஞ்சில் துப்பினான், துடைத்துக்கொண்டேன், இந்த மக்களுக்கு நன்றி கற்பிக்க நாளாகும் என்று. படித்து முடித்ததும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள் அம்மா. பெரியவர் துப்பினால் ஆசீர்வாதம் என்பது அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை, வாங்கியது பிச்சை என்பது தாத்தாவுக்குத் தெரியவில்லை. கள் புளிக்க வைக்கத் தெரியாதவன், பாவம், கம்பளியும் சர்க்கரையும் கொண்டுவருகிறான், இதுவும் மரியாதைதான் என்று முப்பது வருஷம் நினைத்து ஆசீர்வதித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

பாதிரியார் மச்சாரியா கிச்சோஹியைப் பார்த்து, மூப்பரே, உங்க கீழ்த்தோட்டத்துல ஒருத்தன் குடியிருக்கான், வருஷா வருஷம் தேன் கொண்டு வந்து வெக்கிறான், அந்த நிலம் யாருது என்று கேட்டார். அந்தத் தேனைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுகிறவர் கிச்சோஹி. தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னுதுதான் என்றார். அப்ப இது யாருது என்றார் பாதிரியார். வேற என்னத்தச் சொல்ல, இருங்குவோடதுதான் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். போகும்போது என் பக்கத்தில் வந்து, இவ்வளவு மெதுவா படிச்சு என்னைக் கொன்னுட்டியே என்றும் சொன்னார். அன்றே எல்லாரும் கையெழுத்துப் போட்டு நில ஆபீசுக்கு எழுதி அனுப்பிய முடிவு இதுதான். கோயில், பள்ளி, மருந்தகம், கல்லறைத் தோட்டம் இருக்கிற ஒன்பது ஏக்கர் அவர்களிடம் இருக்கட்டும், குடியிருப்பாக. மேல்சரிவு முப்பத்தொன்று நமக்கு. சின்னப் பாட்டியின் பேரப்பிள்ளைகளை ஆற்றங்கரையிலிருந்து கூட்டிவர ஆள் அனுப்பிவிட்டேன், முதல் பங்கு அவர்களுக்கு.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலை பாதிரியார் வீட்டுக்கு வந்தார், தோளில் ஒரு கம்பளி, கையில் ஒரு பை சர்க்கரை. நிலக்காரருக்கு இந்த வருஷத்து மரியாதை என்று வைத்தார், அப்படியே சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டு என் முன்னால் குனிந்து நின்றார். நான் துப்பினேன். அவர் துடைக்கவில்லை, பொத்தானைப் போட்டுக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார். அந்த மனுஷன் போன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது, உன் அம்மாவிடம் அடுப்புப் புகை என்று சொன்னேன், அடுப்பு எரியவில்லை என்றாள்.

நீ சரியாகச் சாப்பிடு, நின்றுகொண்டே வேலை செய்கிற கால், ராத்திரி எண்ணெய் தேய். ஆகஸ்டில் லீவு எடுத்து வா, என் தாயின் கல்லறைக்கு மேலே அத்திமரத்தின் பக்கத்துத் துண்டு உனக்கு, நீயே வந்து காலால் நடந்து எல்லை வைக்க வேண்டும். ஒன்று மறக்காதே, நெட்டைக்கால் பாதிரியார் ஊர் திரும்பி இறந்தது நீ வேலை பார்க்கிற அதே ஊரில்தான் என்று நாட்குறிப்பின் கடைசியில் யாரோ எழுதியிருக்கிறார்கள். கல்லறை கிடைத்தால் புல்லைப் பிடுங்கிவிட்டு, இந்த வருஷத்துக் கம்பளி வந்து சேர்ந்தது என்று அவரிடம் சொல்லிவிடு. உன் வேலை தழைக்கட்டும், உன் வீட்டில் பிள்ளைச் சத்தம் கேட்கட்டும், கடவுள் உன் முன்னும் பின்னும் நடக்கட்டும். உன் நெஞ்சுக்கு இங்கிருந்து என் வாய் எட்டாது, அதனால் இந்தத் தாளின் கீழ்மூலையில் துப்பியிருக்கிறேன், அங்கே மை கலைந்திருந்தால் அதுதான். துடைத்துவிடாதே.

தன் கையாலேயே எழுதிய
உன் அப்பா, நிலக்காரன் இருங்கு